மஞ்சள் எண்பலகை

கிதாமியில் அக்டோபர் முடிகிறது.
முதல் பனி நேற்று வந்து
ஒத்திகை பார்த்துவிட்டுப் போயிற்று.
அளவுநாடாவும் யோகா விரிப்புமாக
இவாபுச்சியின் பழைய வண்டிக் கடைக்குள் நுழைந்தேன்.

முதலில் அந்தப் பெரிய வெள்ளை வேன்.
உள்ளே அடுப்பு, சிங்க், தேக்குநிற அலமாரி.
கூரையைத் தூக்கினால் மேலே இன்னொரு படுக்கை.
விலைச்சீட்டில் பூஜ்யங்களை இரண்டுமுறை எண்ணினேன்.
இரண்டாம் முறையும் குறையவில்லை.
யானையை வாங்கிவிடலாம்.
என் குடியிருப்பின் கீழே
சைக்கிள்களுக்கும் குப்பைக் கூண்டுக்கும் நடுவில்
எங்கே கட்டுவது?

அடுத்தது முரட்டு டயர் வைத்த ஒன்று.
எந்த மலையும் ஏறும் என்றார்.
நான் அன்றாடம் ஏறுவது
ஸ்டார்ச் ஆலையின் பார்க்கிங் மேடு.
வருஷத்தில் இருநூற்று நாற்பது நாள் அது.
ஏரிக்கரையில் தூங்கப்போவது, லீவு கிடைத்தால்,
இருபது இரவு.
கணக்கைச் சொன்னதும் தலையைச் சொறிந்துகொண்டு
கடைசி வரிசைக்கு நடந்தார்.

அங்கே நின்றது,
ரொட்டிப் பெட்டிக்குச் சக்கரம் வைத்ததுபோல்.
அறுநூற்று அறுபது சிசி.
மஞ்சள் எண்பலகை; அதனால் வரி கொஞ்சம்தான்.
நான்கு சக்கரத்திலும் இழுவை.
ஒரு லட்சத்து நாற்பதாயிரம் கிலோமீட்டர்
தோஃபு சுமந்த வண்டி.
கடைப்பெயரைச் சுரண்டி எடுத்த இடத்தில்
வெயில் படாத வெள்ளையில்
எழுத்துகள் இன்னும் இருந்தன.
மூன்று லட்சத்து எண்பதாயிரம் யென்,
குளிர்கால டயரோடு.

"படுத்துப் பாருங்கள்."

காலணியை வெளியே விட்டுவிட்டுப்
பின்கதவு வழியாக ஏறினேன்.
பள்ளிக்கூடத்தில் பாஸ்கெட்பால் ஆடிய உடம்பு,
நூற்று எழுபத்தைந்து.
சீட்டின் முதுகுவரை தரை நூற்று அறுபத்தெட்டு.
ஏழு சென்டிமீட்டர்.
இத்தனை வருஷம் என்னைக் கேலிசெய்த அதே ஏழு.

பக்கத்து சீட்டைக் கழற்றிவிடலாம் என்றார்.
கழற்றினால்
காலை ஆறு நாற்பதுக்கு மிட்ஸுயோ எங்கே உட்காருவாள்?
பெட்ரோலில் பாதி அவள் தருவது.
கண்ணாடியைச் சுரண்டுவதும் அவள்தான்.

கடைசியில், தலைமுட்டைப் பிடுங்கி
சீட்டை முன்னே தள்ளி, முதுகை மடக்கினோம்.
என் தலைக்கு ஓர் இடம் வந்தது.
அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

பலகையை மரக்கடையில் மூன்றாக வெட்டித் தந்தார்கள்,
ஒரு வெட்டுக்கு ஐம்பது யென்.
கால்களுக்கு, தோஃபுக்காரர் மறந்துபோன
நான்கு பிளாஸ்டிக் கூடைகள்.
திங்கள் முதல் வெள்ளி வரை
அவற்றில் முட்டைக்கோசும் மண்ணெண்ணெய் டின்னும் போகும்.
சனிக்கிழமை கவிழ்த்தால் கட்டில்.
ஜன்னலுக்கு வெள்ளித்தாள்,
செய்தித்தாளில் அச்செடுத்து வெட்டியது.
ஒரு ஜன்னல் தப்பாகிவிட்டது. அதற்குத் துண்டு.

குஷாரோ ஏரி, மைனஸ் நான்கு.
ஒரு பையன் நாயோடு வந்து கதவைத் தட்டினான்.
"மென்மையானது ஒன்று, கெட்டியானது ஒன்று."
தோஃபு இல்லை என்றேன்.
எழுத்தையும் என்னையும் மாறிமாறிப் பார்த்து
ஏமாற்றுக்காரியிடமிருந்து விலகுவதுபோல் போனான்.

மேடேறும்போது இந்த வண்டி கத்தும்.
பக்கக்காற்றில் இடுப்பை ஆட்டும்.
லாரிகள் முந்தும்போது நான் மூச்சைப் பிடித்துக்கொள்வேன்.
இதையெல்லாம் இவாபுச்சி சொல்லவில்லை.
இரவு முழுக்க விட்ட என் மூச்சு
கண்ணாடியின் உட்புறத்தில் உறைந்து கிடந்ததையும்,
விரல்நகத்தால் அதில் ஓர் ஓட்டை சுரண்டினால்
அன்னங்கள் ஒருகாலில் நிற்பது தெரியும் என்பதையும்கூட.

திங்கள், ஆறு நாற்பது.
முன்னுக்கு நெருங்கிய சீட்டில்
முழங்கால் இடிக்க உட்கார்ந்தாள் மிட்ஸுயோ.
ஒன்றும் சொல்லாமல் பின்னே தள்ளினாள்.
அடியிலிருந்து என் காலுறை ஒன்று வந்தது.
அதைக் கியர் கம்பியில் மாட்டிவிட்டு
"அடுத்த வாரம் எங்கே?" என்றாள்.

"உள்ளே அகலம் நூற்றிருபதுதான்," என்றேன்.

சிக்னல் பச்சையாகும்வரை யோசித்தாள்.
"நான் ஐம்பது."